கோட்டுக்கு வெளியே போகச் சொன்னவளுக்கு

இன்று காலை காரின் பின்பெட்டியைத் திறந்தேன். திடலில் கோடு போட வாங்கி வைத்திருந்த சுண்ணாம்புத் தூள் மூட்டை வழியில் எங்கோ கிழிந்திருக்கிறது. பந்துப் பை, தண்ணீர்ப் போத்தல்கள், என் செருப்பு எல்லாவற்றின் மேலும் வெள்ளையாகப் படிந்திருந்தது. அந்த வாடை மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. கூடவே நீயும் வந்துவிட்டாய். சனிக்கிழமை காலையில், முழங்கால் வரை வெள்ளையாக, அடியில் துளை போட்ட பால்மாவு டின்னை ஆட்டியபடி குனிந்து நடந்துகொண்டே, "நேரா வருதாடி?" என்று தலையைத் திருப்பாமல் கேட்பாயே, அப்படியே. ஒருநாளும் நேராக வந்ததில்லை. நானும் ஒருநாளும் அதைச் சொன்னதில்லை.

உனக்கு எழுத வேண்டும் என்று உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. ஒரே ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டு வரிசையில் பிறந்து, ஒரே தமிழ்ப்பள்ளியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் நாம். தோட்டம் கைமாறி, எல்லாரும் கோல சிலாங்கூர் பக்கத்துத் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு வந்தபோதும் நமக்கு எதிரெதிர் வீடு அமைந்தது. நான் கிளினிக்கில் மருந்து கொடுக்கப் போனேன். நீ விடியுமுன் பெக்டரி பஸ் ஏறி ரவாங் போய், இரும்பு வெட்டும் பகுதிக்குச் சூப்பர்வைசராக உயர்ந்தாய். தோட்டம் போனாலும் அதன் கால்பந்துத் திடல் மட்டும் பள்ளியின் பின்னால் மிஞ்சியிருந்தது. தாமான் பிள்ளைகள் சாயங்காலத்தில் போக இடமில்லாமல் கடை வாசல்களில் நிற்பதைப் பார்த்துவிட்டு, அந்தத் திடலில் புல் வெட்ட வைத்து, கால்பந்துச் சங்கம் தொடங்கியவள் நீதான். உன் வீட்டுக்காரர் ஒரு காலத்தில் மாநில அணிக்கு ஆடியவர். நான் அண்ணன் என்று கூப்பிடும் அவரைக் கோச் ஆக்கினாய். என்னைச் செயலாளர் ஆக்கினாய். என்னைக் கேட்கக்கூட இல்லை.

முதல் வருடம் நம் சங்கத்துக்கு விதி என்று ஒன்றும் கிடையாது. அதன் பலனையும் பார்த்தோம். அப்பாக்கள் ஆட்டத்துக்கு நடுவே திடலுக்குள் ஓடிவந்து ரெஃபரியிடம் சண்டை போட்டார்கள். நன்றாக ஆடுகிற பிள்ளைகளே எல்லா ஆட்டத்திலும் ஆடினார்கள். தர்ஷினியை நினைவிருக்கிறதா? மழை வெயில் பாராமல் எல்லாப் பயிற்சிக்கும் வந்தவள். வருடம் முழுக்க ஜெர்சியைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தாள். கடைசி ஆட்டம் முடிந்து ஜெர்சியைத் திருப்பித் தரும்போது, "தொவைக்க வேணாம் ஆண்ட்டி, அழுக்காவல" என்றாள். குறையாகக்கூடச் சொல்லவில்லை. உனக்கு உதவியாக இருக்கட்டும் என்றுதான் சொன்னாள்.

அன்று அந்த ஜெர்சியைக் கையிலேயே வைத்துக்கொண்டு வீடு வரை நடந்தாய். கேட்டைத் திறக்கும்போதுதான் சொன்னாய்: "நாளைக்கி வீட்டுக்கு வா. ஒக்காந்து சட்டம் எழுதுறோம்."

உன் சமையலறை மேசையில் எழுதினோம். நீ சொல்லச் சொல்ல நான் நல்ல தமிழில் எழுதப் பார்த்தேன். "எங்கம்மாவுக்குப் புரியிற மாதிரி எழுதுடி" என்று அடித்துத் திருத்த வைத்தாய். பயிற்சிக்கு ஒழுங்காக வரும் பிள்ளை, ஆட்டத்தில் பாதி நேரமாவது ஆடியாக வேண்டும். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையைத் தனியாகக் காரில் ஏற்றிக்கொண்டு போகக் கூடாது, அவர் யாராக இருந்தாலும். பெற்றோர் திடலைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும். பிறகு, உன் குரல் கொஞ்சம் இறங்கியது. யாரும் எந்தப் பிள்ளையையும் அடிக்கக் கூடாது, அடித்தவர் அந்த சீசன் முடியும்வரை கோட்டுக்கு உள்ளே கால் வைக்கக் கூடாது.

கதவில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் சிரித்துவிட்டார். "இது பூட்போலா, இல்ல கோர்ட்டா? என்னயெல்லாம் அடிச்சி அடிச்சித்தான் எங்க கோச் ஸ்டேட் டீமுக்கு அனுப்புனாரு."

நீ அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாய்: "அடிக்காம இருந்திருந்தா நேஷனலுக்கே போயிருப்பீங்களோ என்னமோ."

மூவரும் சிரித்தோம். அவரே முதலில் கையெழுத்துப் போட்டார். இவ்வளவு கறாராக வேண்டுமா என்று நான்தான் கேட்டேன். "எங்க பெக்டரியில கண்ணாடி போடாம மெசின்கிட்ட நின்னா, மேனேஜரா இருந்தாலும் வெளிய அனுப்பிருவோம்லா. தெறிக்கிற இரும்புக்கு அவரு மேனேஜருன்னு தெரியாதுல்ல?" என்றாய்.

அடுத்த சீசனின் நடுவில் நடந்த ஒரு போட்டியில் நம் பிள்ளைகள் அரையிறுதிக்கு வந்தார்கள். எதிரே தஞ்சோங் காராங் அணி. நம் திடலிலேயே ஆட்டம். தாமானே திரண்டு வந்திருந்தது. கோலில் கவின் நின்றான். பதினோரு வயது, ஒல்லிப் பயல். முதல் பாதி முடியப் போகிற நேரத்தில் மெதுவாக உருண்டு வந்த பந்து ஒன்று அவன் கால்களுக்கு நடுவே புகுந்து கோலுக்குள் போனது. யாரோ சிரித்தார்கள். விசில் ஊதியதும் அண்ணன் விறுவிறு என்று நடந்து போனார். தண்ணீர் கொடுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். பளார் என்ற சத்தம் கயிறு வரைக்கும் கேட்டது.

நீ ஆரஞ்சுப் பழம் நறுக்கிக்கொண்டிருந்தாய். கத்தியை என் கையில் கொடுத்தாய். புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு போனாய். நானும் பின்னாலேயே ஓடினேன். நீ கத்தப்போகிறாய் என்று பயந்தேன். நீ கத்தவே இல்லை.

"நீங்க வெளிய போங்க," என்றாய்.

அவருக்கு முதலில் புரியவில்லை. "என்னா? மேட்ச் நடக்குது."

"தெரியும். கோட்டுக்கு அந்தப் பக்கம் போங்க. இந்த சீசன் முடியிற வரைக்கும்."

"ஏய், எல்லாரும் பாக்குறாங்க. வீட்ல பேசிக்கலாம்."

"எல்லாரும் பாக்கத்தான அடிச்சீங்க?"

அதற்குள் கவினின் அப்பா வந்துவிட்டார். செம்பனைக்குலை லோரி ஓட்டுபவர், பெரிய உருவம். அவர் உனக்குத் துணையாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். "அக்கா, விடுங்கக்கா. ஆம்பளப் பையன், ரெண்டு போட்டா என்னா? நானே வீட்ல போடுவேன். கோச் இல்லன்னா நம்ம தோத்துருவோம்லா" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் உன் பக்கம் ஒருத்தர்கூட இல்லை. என்னைத் தவிர, நானோ கையில் கத்தியோடு உன் பின்னால் நின்றதோடு சரி.

கடைசியில் கவினே உன் கையைப் பிடித்தான். கன்னத்தில் விரல் தடம் சிவந்திருந்தது. "கோச் போவ வேணாம் ஆண்ட்டி. எனக்கு வலிக்கல."

நீ அவன் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தாய். "வலிக்கலன்னு நீ சொல்ல வேண்டியதா போச்சு பாரு. அதுக்குத்தாண்டா."

அண்ணன் கழுத்தில் தொங்கிய விசிலைக் கழற்றினார். உன்னிடம் தரவில்லை, புல்லில் போட்டார். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாம் பாதிக்குப் பிள்ளைகள் உன்னைச் சுற்றி நின்றார்கள். "எனக்கு ஆப்சைடுன்னா என்னான்னே தெரியாது. ஒங்களுக்குத் தெரியும். யாரு எங்க நிக்கணும்னு நீங்களே சொல்லுங்க" என்றாய். ஒரே நேரத்தில் எல்லாரும் பேசினார்கள். பாதி நேர விதிப்படி தர்ஷினி உள்ளே போனாள். கவின் மறுபடி கோலில் நின்றான். அந்தப் பாதியில் அவன் பாய்ந்து பிடித்த பந்துகளைப் பார்த்து எதிர் அணி அம்மாக்களே கை தட்டினார்கள். ஆனாலும் தோற்றோம், ஒரே கோலில். தர்ஷினியின் ஜெர்சியில் சேறில்லாத இடமே இல்லை. நீ அதை வாங்கி, துவைப்பதற்கு உன் பையில் வைத்துக்கொண்டாய்.

வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். உன் மாமியார் தெருவுக்கே கேட்கும்படி அழுதார். அண்ணன் உன்னோடு பேசுவதை நிறுத்தினார். "சோறு போட்டா சாப்புடுறாரு, பேசத்தான் மாட்டேங்குறாரு. பேச்சு மிச்சம்தான்" என்று என்னிடம் சிரித்தாய். ஒருநாள் பெக்டரி பஸ்ஸிலிருந்து இறங்கியதும், சிரித்த அதே உதட்டோடு என் முன்னால் அழுதாய். சில குடும்பங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டன. பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் விதியைத் திருத்தச் சொன்னார், கோச்சுக்கு மட்டும் விலக்கு. "அப்ப அந்தத் தாளயே கிழிச்சிருங்க. அவருக்கு இல்லாதது வேற யாருக்கும் இருக்கக் கூடாது" என்றாய். யாரும் கிழிக்கவில்லை.

ஆனால் ஒன்று நடந்தது. அடுத்த பயிற்சியின்போது வேலிக்கு அப்பால், வாய்க்கால் ஓரத்தில் ஒரு மோட்டார் நின்றது. அதன் மேல் அண்ணன் உட்கார்ந்திருந்தார். உள்ளே வரவில்லை, பிள்ளைகளைக் கூப்பிட்டு எதுவும் சொல்லவும் இல்லை. பயிற்சி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார். அதற்கடுத்த வாரமும் வந்தார். "கூப்புடவா?" என்று நான் கேட்டேன். "வேணாம். அவரு விதிய மதிச்சித்தான் அங்க நிக்கிறாரு. அத நம்ம கெடுக்கக் கூடாது" என்றாய். உன் குரலில் கோபமே இல்லை. பெருமைபோல் ஏதோ இருந்தது.

புது சீசனின் முதல் நாள் அவர் கோட்டருகே வந்து நின்றார். எல்லாப் பிள்ளைகளும் பார்க்க, "கவின், இங்க வாய்யா" என்றார். "அன்னைக்கி ஒன்ன அடிச்சது என் தப்பு. பந்து யாரு காலுக்கு நடுவுலயும் போவும். என் காலுக்கு நடுவுலயும் போயிருக்கு. எல்லாரு முன்னாலயும் அடிச்சேன், அதான் எல்லாரு முன்னாலயும் சொல்றேன்."

கவினுக்கு வெட்கம். காலால் புல்லைத் தேய்த்தான். "பரவால்ல கோச். உள்ள வாங்க" என்றான். அனுமதி கொடுத்தவன் அவன்தான். நீ அப்போது தண்ணீர்ப் பீப்பாயின் பின்னால் போய் நின்றுகொண்டாய். நான் பார்க்கவில்லை என்று நினைத்தாய்.

நோய் வந்த பிறகும் நீ சனிக்கிழமைகளை விடவில்லை. சிகிச்சை முடிந்து தலையில் துணி கட்டிக்கொண்டு, காரின் முன்சீட்டில் கதவைத் திறந்து வைத்தபடி உட்கார்ந்திருப்பாய். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து அன்றைய கதையைச் சொல்லிவிட்டுப் போவார்கள். ஒருநாள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். உன்னைப் படுக்க வைக்க வேண்டும் என்று நான் அவசரப்பட்டு இன்ஜினைப் போட்டேன். நீ என் கையைத் தட்டினாய். கோல் கம்பத்தருகே ஒரு சின்னப் பிள்ளை பையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தது. அதன் அப்பா இன்னும் வரவில்லை. "ஆஃப் பண்ணு" என்றாய். உனக்கு வலி அதிகமாக இருந்த நாள் அது. அவர் வரும்வரை அங்கேயே இருந்தோம். போகும் வழியில் கண்ணை மூடிக்கொண்டே சொன்னாய்: "கடைசிப் பிள்ள போற வரைக்கும் ரெண்டு பெரியவங்க இருக்கணும். எழுதிக்க." நீ சொல்லி நான் எழுதிய கடைசி விதி அது.

நீ போன பிறகு சங்கம் நின்றுவிடும் என்றுதான் ஊரில் பேசிக்கொண்டார்கள். நிற்கவில்லை. இப்போது சுங்கை பஞ்சாங்கிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். பெண் பிள்ளைகளுக்குத் தனி அணி இருக்கிறது. கவின் தஞ்சோங் மாலிமில் படிக்கிறான், ஆசிரியராகப் போகிறானாம். புதிதாகச் சேரும் பெற்றோருக்கு விதிகளை வாசித்துக் காட்டுவது அண்ணன். போன மாதம் ஒரு இளம் அப்பா, "டூ ஸ்ட்ரிக்ட்லா கோச். இதெல்லாம் யாரு ஃபாலோ பண்ணப் போறா?" என்று கேட்டார். அண்ணன் தாளை மடித்தார். "நான் பண்ணிருக்கேன். ஒரு சீசன் வேலிக்கு வெளிய நின்னேன். என் வீட்டுக்காரம்மாதான் நிக்க வச்சாங்க" என்றார். இப்போதும் உன்னை 'என் வீட்டுக்காரம்மா' என்றுதான் சொல்கிறார். 'இருந்தாங்க' என்று சொல்ல அவர் நாக்கு இன்னும் பழகவில்லை.

போன சனிக்கிழமை மழை இருட்டிக்கொண்டு வந்தது. யாழினி என்ற புதுப் பிள்ளை மட்டும் மிச்சம். அண்ணனும் நானும் அவளோடு கொட்டகையில் நின்றோம்.

"ஆண்ட்டி, நீங்க வீட்டுக்குப் போவலயா?" என்று கேட்டாள்.

"ஒங்கம்மா வந்ததும் போவேன்."

"லேட்டா வந்தா?"

"லேட்டா போவேன்."

அவள் அதை யோசித்துப் பார்த்தாள். பிறகு பையை இறக்கி வைத்துவிட்டு அண்ணனோடு பந்து தட்டத் தொடங்கினாள். அவள் அம்மா நனைந்துகொண்டே மோட்டாரில் வந்து சேர்ந்தார். பெக்டரிச் சட்டையை இன்னும் மாற்றவில்லை. "சாரிக்கா, ஓவர்டைம் போட்டுட்டாங்க. பயந்துகிட்டே வந்தேன்" என்றார். "ஏம்மா பயப்படுறே? நாங்க இருப்போம்னு எழுதியே இருக்கு" என்றேன். அந்தப் பெண்ணின் தோள் இறங்கியதைப் பார்த்தேன்.

அவர்கள் போன பிறகும் நான் உடனே கிளம்பவில்லை. இரண்டு கோல் பக்கமும் பார்த்தேன். கொட்டகைக்குப் பின்னால் பார்த்தேன், கழிப்பறைக் கதவைத் தட்டினேன். திடலில் மட்டும் இல்லை, இப்போது எங்கே போனாலும் இப்படித்தான். கல்யாண மண்டபம், கோயில் திருவிழா, கிளினிக் வாசல், எதுவாக இருந்தாலும் எங்காவது ஒரு பிள்ளை தனியாக நிற்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்க்காமல் என் கால் நகர்வதில்லை. நின்றால் நானும் நிற்கிறேன். பக்கத்தில் யாரையாவது கூப்பிட்டு, "கொஞ்ச நேரம் என்கூட இருங்களேன், ரெண்டு பேரு வேணும்" என்கிறேன். ஏன் என்று கேட்டுக்கொண்டே அவர்களும் நின்றுவிடுகிறார்கள்.