கசட்டின் மறுபக்கம்

12.11.1993, வெள்ளி. அலுவிகாரை.

சவூதியிலிருந்து மனைவி பல்கீஸ் பேசி அனுப்பிய கசட் காலையில் வந்தது. அவளுக்கு எழுத வராது. முதல் பக்கம் எப்போதும் ஊருக்கு. அக்கம்பக்கத்தார் கூடி உட்கார்ந்து கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் பேர் சொல்லி சலாம் சொன்னாள். பேர் விடுபட்ட மைமூன் மாமி தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனார்.

மறுபக்கம் எனக்கு மட்டும். ஜும்ஆத் தொழுகை முடித்து வந்து ஆறுதலாகக் கேட்கலாமென்று வைத்துவிட்டுப் போனேன்.

வந்து போட்டால் மகள் நஸ்ரியாவின் குரல். புதிதாகப் பாடமாக்கிய குர்ஆன் சூராவை அதன் மேலேயே ஓதிப் பதிந்திருக்கிறாள்.

"அந்தப் பக்கம் சும்மா இருக்குன்னு நெனச்சேன் வாப்பா. உம்மா கேட்டா சந்தோசப்படுவாங்கதானே?"

"சந்தோசப்படுவாங்க மகள்." வேறு என்ன சொல்வது. நல்லாத்தான் ஓதியிருந்தாள்.

ஓதி முடிந்த இடத்தில் பல்கீஸின் குரல் கொஞ்சம் மிஞ்சியிருந்தது.

"அப்ப நீங்க சரின்னு சொன்னாத்தான் செய்வேன். சுருக்கா பதில் அனுப்புங்க."

எதற்குச் சரி? அவளுடைய இரண்டு வருட வேலைத் தவணை வருகிற மாதம் முடிகிறது. திரும்பி வரட்டுமா என்று கேட்டாளோ, இன்னும் இரண்டு வருடம் நிற்கட்டுமா என்று கேட்டாளோ. சரி என்று சொல்லவும் பயம், வேண்டாம் என்று சொல்லவும் பயம்.

அஸர் தொழுகைக்குப் பிறகு புதுக் கசட்டைப் போட்டேன். மழையைப் பேசினேன், மிளகுக் கொடியைப் பேசினேன், ஆடு இரட்டைக் குட்டி போட்டதைப் பேசினேன். அழிந்துபோனதைச் சொல்லவில்லை. கசட் முடியப் போகும்போதுதான் அதைச் சொல்ல வாய் வந்தது.

"நீ கேட்டதுக்கு இதுல பதில் சொல்ல ஏலாது புள்ள. நேர்ல வந்து கேளு."

உறையில் போட்டு ஒட்டிவிட்டேன்.