லாரிக்கு ஒட்டும் டேப்

மார்ச் 3, ஞாயிறு
மைதானத்தில் இன்று மானம் போனது. அம்பு மஞ்சள் வட்டத்தில் குத்தியதும் எழுந்து நின்று கை தட்டினேன். அது பக்கத்துப் பெண் எய்தது. என் மகளுடையது புல்லில். அதைத் தேடவே அரை மணி நேரம். "அப்பா, நீங்க வண்டியிலயே உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன்.

மார்ச் 5
என் டயர் கடையிலிருந்து, லாரிக்கு ஒட்டும் மின்னுகிற டேப் கொஞ்சம் கொண்டுவந்தேன். ஆறு அம்பிலும் வால் பக்கம், இறகுக்குப் பின்னால், மும்மூன்று சுற்று. இனி எந்தப் புல்லில் விழுந்தாலும் தெரியும். "சூப்பர்ப்பா!" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 9
பத்தும் ஒன்பதுமாக எய்தவள் நாலும் மூன்றுமாக எய்கிறாள். அம்பு வாலை ஆட்டிக்கொண்டே போகிறது. நாணை விடுகிற கைதான் தப்பு என்கிறார் பயிற்சியாளர். புல்லில் விழுந்த அம்பு மட்டும் உடனே கிடைத்துவிடுகிறது.

மார்ச் 11
"என் கை போச்சுப்பா." சாப்பிடவில்லை. அணித் தேர்வுக்கு ஆறே நாள்.

மார்ச் 12
"நீங்க போய் நிக்கிறதாலதான் அவளுக்குக் கை உதறுது" என்கிறாள் என் மனைவி. இருக்குமோ?

மார்ச் 14
கடையில் ஒரு காருக்குச் சக்கரம் பேலன்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். "பத்து கிராம் ஈயம் இடம் மாறி ஒட்டினாப் போதும் சார், ஸ்டியரிங் உதறும்" என்று வாடிக்கையாளருக்குப் பாடம் எடுத்தவன், பாதியில் நிறுத்தினேன். உதறும் — ஐயோ, வால்!

வீட்டுக்கு ஓடினேன். டேப் ஒட்டாத பழைய அம்பு ஒன்று அவள் மேசை டிராயரில் இருந்தது. அதையும் டேப் போட்ட ஒன்றையும் விரல்மேல் கிடத்திப் பார்த்தேன். பழையது நடுவுக்கு முன்னால், முனைப் பக்கம் தள்ளி நிற்கிறது. டேப் போட்டது ஒரு விரல்கடை பின்னால்! முன்பக்கம் கனம் இருந்தால்தான் முனை இழுத்துப்போகும், வால் ஒழுங்காகப் பின்னால் வரும். நான் வாலில் கனத்தைக் கட்டியிருக்கிறேன். இருபது வருஷமாக பேலன்ஸ் பார்க்கிறேனாம், பெரிய மேதாவி!

எல்லாவற்றையும் உரித்தேன். பசையைத் துடைத்தேன். அவள் வந்ததும் சொல்லிவிட வேண்டும்.

"டேப் எங்கப்பா?"
"மட்ட டேப்பும்மா. உரிஞ்சு வந்துருச்சு."

ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 15
பத்து, ஒன்பது, பத்து. வண்டியில் உட்கார்ந்தே பார்த்தேன்.

மார்ச் 17, ஞாயிறு
அணியில் நான்கு பேர். நான்காவது பெயர் அவளுடையது.

திரும்பும் வழியெல்லாம் பேச்சு. "கோச் சொன்ன மாதிரி கையை மாத்தினேன்ப்பா. தப்பு என் கைலதான் இருந்திருக்கு."

"ம்."

இல்லடா கண்ணு, உன் கை நல்லாத்தான் இருந்துச்சு.