சிவப்பு அட்டைக்குப் பிறகு

மின்யா
20 மே 2008

மதிப்பிற்குரிய கேப்டன் மஹ்ரூஸ் அவர்களுக்கு,

பாகூம் எழுதுகிறேன். போன வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் நடுவராக இருந்த நீங்கள் மைதானத்திலிருந்து வெளியே அனுப்பினீர்களே, அதே பாகூம். உங்கள் கைபேசி அணைத்தே கிடக்கிறது. யார் யாரோ கூப்பிட்டுத் திட்டுவதால் அணைத்துவிட்டதாகச் சொன்னார்கள். அதனால்தான் கடிதம்.

கோல் போட்டதும் சட்டையைத் தலைக்கு மேல் தூக்கினேன். உள்ளே எங்கள் தேவமாதாவான ஒளியின் அன்னையின் படம், அதன் கீழே என் கையெழுத்தில் ‘நன்றி’. சட்டையைத் தூக்கினால் மஞ்சள் அட்டை என்பது எனக்குத் தெரியாததா? முதல் பாதியில் உங்களோடு வாய்ச்சண்டை போட்டு ஏற்கெனவே ஒன்று வாங்கியிருந்தேன். இரண்டாவது மஞ்சள், சிவப்பு ஆனது. பத்துப் பேராகிவிட்ட நாங்கள் கடைசியில் தோற்றோம். முதல் பிரிவுக்குப் போகும் வாய்ப்பும் போயிற்று. இதில் உங்கள் தவறு எங்கே இருக்கிறது?

அட்டையை நீட்டியபோது உங்கள் உதடு அசைந்ததைத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். நீங்கள் அன்னையை இழிவாகப் பேசினீர்களாம். உங்கள் கார் கண்ணாடியை எங்கள் ஊர்க்காரர்கள் உடைத்தார்கள் என்று கேள்விப்பட்டு வெட்கப்பட்டேன். நீங்கள் உண்மையில் என்ன கேட்டீர்கள் என்பதை யுஸ்தினாவிடம் சொன்னேன். என் மனைவி. மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடி அழுதாள்.

தொலைக்காட்சியிலிருந்து என்னையும் பேசக் கூப்பிடுகிறார்கள். போகட்டுமா?

பணிவுடன்,
பாகூம் ஷெனூதா


தந்தா
29 மே 2008

அன்புத் தம்பி பாகூமுக்கு,

உனக்கும் உன் வீட்டாருக்கும் அமைதி உண்டாகட்டும். உறையில் மின்யா என்று பார்த்ததும் என் மனைவி நவால் பிரிக்காதே என்றாள். இதுவரை வந்தவையெல்லாம் அப்படிப்பட்ட கடிதங்கள். உன்னுடையதைப் படித்துக் காட்டியதும் எழுந்து போய் எனக்குத் தேநீர் போட்டுக்கொண்டு வந்தாள். பத்து நாளில் முதல்முறையாக அவளே இரண்டு கரண்டி சர்க்கரை போட்டிருந்தாள்.

கால்பந்துச் சங்கத்தின் விசாரணை முடியும்வரை எனக்கு ஆட்டம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறேன், அது ஓடுகிறது. சிரிக்காதே, ஒன்று சொல்கிறேன். போன வருடம் ஒருவன் உள்சட்டையில் காபாவின் படத்தைப் போட்டுக்கொண்டு வந்து தூக்கிக் காட்டினான். அவனுக்கும் அட்டை. அன்றைக்கு என்னைக் காஃபிர் என்றார்கள். இன்றைக்கு மதவெறியன் என்கிறார்கள். இரண்டு தரப்பாரும் ஒன்றாக உட்கார்ந்து நான் யார் என்று முடிவு செய்துகொள்ளட்டும்.

தொலைக்காட்சிக்குப் போகாதே. நான் கேட்டதை விசாரணையில் சொன்னேன், அவர்கள் நம்பவில்லை. போகட்டும். உன் குழந்தையை இந்தச் சண்டைக்குள் இழுக்க எனக்கு மனமில்லை. நீயும் அதே ஊரில் அதே கழகத்தில் விளையாட வேண்டியவன். நீ எழுதியதே எனக்குப் போதும்.

நவால் ஒவ்வொரு தொழுகையிலும் உன் மகளுக்காகக் கேட்கிறாள். உடம்பு தேறுகிறதா என்று எழுது.

அன்புடன்,
மஹ்ரூஸ்


மின்யா
22 ஜூன் 2008

அன்புள்ள கேப்டன்,

உங்கள் பேச்சைக் கேட்கவில்லை. மன்னியுங்கள்.

தேவாலயத்து இளைஞர்கள் உங்களுக்கு எதிராக ஊர்வலம் போக என்னை முன்னால் நிற்கச் சொன்னார்கள். அதற்குமேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. தொலைக்காட்சிக்குப் போய் உட்கார்ந்தேன். நடத்துபவர் கையில் ஒரு பேனாவைச் சுழற்றிக்கொண்டே கேட்டார்: “பாகூம், பயப்படாம சொல்லுங்க. அந்த ஆளு அன்னையைத் திட்டினாரா இல்லையா?”

“திட்டலை. ‘எதுக்குடா இந்த நன்றி?’ன்னு கேட்டார். ‘மக பொறந்திருக்கா கேப்டன், ஏழாம் மாசத்துலயே. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்காங்க. பொழச்சுக்குவான்னு இன்னைக்குத்தான் டாக்டர் சொன்னார்’னேன்.”

“அதுக்கு?”

“‘அல்லாஹ் அவளுக்கு ஆயுசைக் குடுக்கட்டும். இப்போ வெளிய போ, போய் அவ பக்கத்துல உக்காரு’ன்னார். போனேன். அவ்வளவுதான் சார் நடந்தது.”

அவர் பேனா சுழல்வது நின்றுவிட்டது. உடனே விளம்பரம் போட்டார்கள்.

ஊர்வலம் நடக்கவில்லை. ஆனால் கழகத்தில் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். “கோல் போட்டவனும் நீ, எங்களைத் தோக்க வச்சவனும் நீ, இப்போ அந்த ஆளுக்கு வக்கீலும் நீயா? வேற இடம் பாத்துக்கப்பா” என்றார். பார்த்துக்கொண்டேன். சோஹாக்கில் ஒரு சின்ன அணி. மைதானத்தில் புல்லைவிடப் புழுதி அதிகம். வருத்தம் இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் கொட்டாவி விடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நீங்கள் அன்றைக்கு வெளியே அனுப்பியதால்தான் அவள் முதல்முறை கண் திறந்தபோது பக்கத்தில் இருந்தேன். யாருக்கு நன்றி சொல்ல வேண்டுமோ அவர்கள் எண்ணிக்கையில் ஒருவர் கூடிவிட்டார்.

நவால் அம்மாவுக்கு யுஸ்தினாவின் அன்பு.

உங்கள்,
பாகூம்


தந்தா
12 அக்டோபர் 2008

என் பாகூம்,

உன் பேச்சுக்குப் பிறகு விசாரணையை மூடிவிட்டார்கள். பெருநாள் முடிந்து மீண்டும் ஊதலைக் கையில் எடுத்தேன். அதற்கு நீ கொடுத்த விலை எனக்குத் தெரியும். பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம், எப்படி எழுதினாலும் போதவில்லை.

நேற்று சங்கத்திலிருந்து அழைத்தார்கள். வருகிற வெள்ளிக்கிழமை சோஹாக்கில், உன் அணி ஆட்டத்துக்கு, நான் நடுவராம்.

“என்னால முடியாது” என்றேன்.

“ஏன் கேப்டன், உடம்பு சரியில்லையா?”

“உடம்புக்கு என்ன? சொந்தக்காரன் விளையாடற ஆட்டத்துக்கு நடுவர் போகக் கூடாதுன்னு விதி இருக்கே.”

“யாரு சொந்தக்காரன்?”

“பாகூம் ஷெனூதா.”

“கேப்டன், உங்க பேரு மஹ்ரூஸ். அவன் பேரு பாகூம். எந்த வழியில சொந்தம்?”

“எந்த வழின்னு விதியில கேக்கலையே. சொந்தம்னு எழுதிக்கோங்க.”

எழுதிக்கொண்டார். வேறொருவரைப் போட்டிருக்கிறார்கள். நானும் நவாலும் ரயில் ஏறி வருகிறோம். எங்கள் ஊர்க் கொண்டைக்கடலை மிட்டாய் ஒரு பெட்டி யுஸ்தினாவுக்கு. பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து நான் ஆட்டம் பார்த்து எவ்வளவு காலமாயிற்று! நடுவர் யாரென்று தெரியாது. யாராக இருந்தாலும், இத்தனை வருடம் நான் வாங்கிய வசவில் பாதியையாவது அன்றைக்கு அவர் என் வாயால் வாங்கிக்கொள்வார்.

உன்,
மஹ்ரூஸ்