அப்பா கழற்றிப் பூட்டிய காபுரேற்றர்

ஸ்டுட்கார்ட்
19.10.2025

அன்பு மகள் சிவானுஜாவுக்கு,

நீயும் மருமகனும் குட்டி மீராவும் நோய்நொடி இல்லாமல் இருக்க அம்மன் துணை நிற்பாள் என்ற நம்பிக்கையோடு அம்மா எழுதுவது. இங்கே நாங்களும் சுகம் என்று அடுத்த வரியில் எழுதிவிட்டுப் போவதுதான் வழக்கம், இந்த முறை அதை அப்படி எழுத மனம் வரவில்லை. அப்பா நடமாடுகிறார், மூன்று நேரமும் சாப்பிடுகிறார், ஆஸ்பத்திரியில் இல்லை. இதை முதலில் வாசித்து மூச்சை விட்டுக்கொண்டு மிச்சத்தை வாசி. போனில் சொல்லலாம்தான், ஆனால் வெலிங்டனில் நீ வேலைக்கு ஓடுகிற நேரம் எங்களுக்கு இராச்சாப்பாட்டு நேரம், பாதியைச் சொல்லிப் பாதியில் நான் அழுதால் நீ அங்கே தனியே நின்று தவிப்பாய். அதனால் நடந்ததை முதலில் இருந்து வரிசையாக எழுதுகிறேன்.

கீழ்மாடி ஃபிராவ் லேனரை உனக்கு நினைவிருக்கும், நீ பள்ளிக்கூடம் போகும்போது உன் சைக்கிளுக்குக் காற்று அடித்துத் தந்த மனுசி. எண்பத்தெட்டு வயதாகிவிட்டது, பங்குனியில் டெகர்லோக்கில் உள்ள முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். அவருடைய கணவரின் பச்சை நிறக் கார், 1973ஆம் ஆண்டுக் கார், எங்கள் கட்டடத்தின் கார்க் கொட்டகையில் பதினொரு வருடமாகத் துணி மூடி நின்றது. போகிற நாளில் கார்த் திறப்பை அப்பாவின் கையில் கொடுத்து, ஓட வைத்தால் உங்களுக்கே, ஆனால் முதல் ஓட்டத்தில் நான் பின்சீட்டில் இருக்க வேண்டும் என்று சொன்னார். பாக்டரியில் இருபத்தெட்டு வருடம் பொதி கட்டுகிற மெஷின்களைத் திருத்திய மனுசனுக்கு, பென்ஷன் எடுத்த இரண்டாம் மாதத்தில் இதைவிட என்ன வேண்டும். புது பற்றரி, புது ரயர், புது பிறேக் எல்லாம் போட்டு வைகாசியிலேயே ஓட வைத்துவிட்டார். சமதரையில் நல்லாய்த்தான் ஓடியது, ஆனால் மேட்டில் காலை ஊன்றி மிதித்தவுடன் இருமும், குலுங்கும், நின்றுவிடும். டெகர்லோக் மலைக்கு மேலே அல்லவா இருக்கிறது, அப்படியொரு காரில் எப்படி அந்த மனுசியை ஏற்றி இறக்குவது. பிழை காபுரேற்றரில் என்று அப்பா கண்டுபிடித்தார். பெற்றோலையும் காற்றையும் அளவாகக் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற சாமான் அது, நின்ற வருடங்களில் உள்ளே இருந்த பெற்றோல் காய்ந்து அரக்குப் போல ஒட்டித் துவாரங்களை அடைத்துவிட்டதாம். எனக்கு விளங்கட்டும் என்று, ரசத்துக்குப் புளி அளவு பிழைச்சால் எப்பிடியோ அப்பிடி என்று சொன்னார்.

அதைக் கழற்றி நிலவறைக்கு, எங்கள் கெல்லருக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு உறுப்பையும் முட்டைத் தட்டின் குழிகளில் வைத்து, குழிக்குக் குழி காகிதத்தில் பெயர் எழுதி ஒட்டினார். இரண்டு மூன்று நாள் வேலை என்றார். மூன்று கிழமை போயிற்று. என்னை உள்ளே வர விடவில்லை, பெற்றோல் மணம் உனக்குத் தலையிடி தரும் என்று சாட்டுச் சொன்னார். நானும் மொக்குத்தனமாய் நம்பினேன் மகள். அந்தக் கோடை முழுக்க என் கண்ணில் பட்டதையெல்லாம் இப்போது ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறேன். சேர்ட்டுக்குத் தெறி பூட்ட நேரமெடுத்தார், நடக்கும்போது வலக்கை வீசாமல் இடுப்போடு கிடந்தது, ஒரு நாள் அடுப்பில் சோறு கருகிப் புகை எழும்பியும் பக்கத்தில் இருந்து பேப்பர் வாசித்தார். முட்டைத் தட்டில் ஒட்டிய பெயர்கள்கூட முதல் குழியில் கொட்டை எழுத்து, கடைசிக் குழிக்கு வரும்போது எறும்பு போலச் சிறுத்திருந்தன. எல்லாவற்றுக்கும் நான் வைத்த பெயர் வயது.

ஆவணி கடைசி ஞாயிறு காபுரேற்றரைத் திரும்பப் பூட்டிவிட்டேன் என்றார். ஃபிராவ் லேனருக்குப் போன் எடுத்து மூன்று மணிக்கு ஆயத்தமாக இருங்கள் என்று சொல்லியும்விட்டார். இரண்டரை இருக்கும், நான் தேநீர்ப் போத்தலோடு படியிறங்கி முற்றத்துக் கதவைத் திறந்தேன், பெற்றோல் மணம் முகத்தில் அடித்தது. கார் வெளியே நிற்கிறது, எஞ்சின் ஓடுகிறது, அப்பா எஞ்சின் மூடியைத் தூக்கிவிட்டுத் தலையை உள்ளே நீட்டி ஏதோ ஒரு திருகாணியைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார். கிட்டப் போய்ப் பார்த்தால் காபுரேற்றரின் பக்கத்தால் பெற்றோல் வழிந்து கீழே கொதிக்கிற இரும்புக்குப் பக்கத்தில் சொட்டுகிறது. நிப்பாட்டுங்கோ என்று கத்தினேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து ஆறுதலாக, “என்ன மணம்? எனக்கு ஒண்டும் மணக்கேல்லையே” என்றார். கார்க் கதவுக்குள் கையை விட்டு நானே திறப்பைத் திருப்பி நிறுத்தினேன். அவர் மூக்குக்கு ஒரு சாண் கீழே அது வழிந்துகொண்டிருந்தது மகள். இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் அந்த மனுசியை ஏற்றிவர மேடு ஏறியிருப்பார். அதற்குப் பிறகு நடக்கக்கூடியதை நினைக்கவே ஏலாது. அன்று அப்பா போனைத் தொடவில்லை, நான்தான் எடுத்து வர ஏலாது என்று சொன்னேன். அந்த மனுசி தொப்பி போட்டுக்கொண்டு வாசலில் வந்து இருந்தாராம், பரவாயில்லை என்றார், அது இன்னும் சுட்டது.

அடுத்த நாள் அவர் கடைக்குப் போன நேரம் பார்த்துக் கெல்லருக்குப் போனேன். மேசைக்குக் கீழே கூட்டும்போது ஒரு சின்னச் செப்பு வளையம் அகப்பட்டது, சட்டைத் தெறியை விடச் சின்னன். இருபத்திரண்டு வருடம் காது கேட்கும் கருவிகளுக்கு ஊசி முனைச் சாமான்களைப் பொருத்திய என் கண்ணுக்கு அது குப்பையில்லை என்று தெரிந்தது. பிறகு அப்பாவிடம் கேட்டு அறிந்தது, காபுரேற்றருக்குள் ஒரு மிதவை இருக்கிறது, பெற்றோல் போதிய அளவு வந்ததும் அது மிதந்து ஒரு ஊசியைத் தள்ளி வழியை அடைக்கும். அந்த ஊசி இருக்கும் வால்வுக்கு அடியில் போடுகிற வளையம் இது. இல்லாவிட்டால் அளவு தப்பும், திருகுப் புரிக்குள்ளாலும் கசியும், அப்படித்தான் அன்று வழிந்தது. அப்பா வந்ததும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். பிறகு சொன்னார், “விழுந்ததைக் கண்டனான். குனிஞ்சு எடுக்கப் பாத்தன், விரல் என்ரை சொல்லுக் கேக்கேல்லை. அரை மணித்தியாலம் பாத்தன், சுந்தரி. பிறகு அது இல்லாமலே பூட்டினன்.” அப்படிச் சொல்லிவிட்டு வலக்கையை மேசையில் வைத்தார், பெருவிரலும் சுட்டுவிரலும் தங்கள் பாட்டில் ஆடின. பங்குனியில் இருந்து இருக்கிறதாம். ஆறு மாதம் ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டும் நான் காணவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, சொன்னால் நீ பிள்ளைக்குச் சொல்லுவாய், பிள்ளை அங்கை இருந்து என்ன செய்யிறது என்றார்.

குடும்ப வைத்தியர் அன்றே நரம்பு வைத்தியரிடம் பேசி இரண்டு கிழமையில் அவரைப் பார்க்க நாள், டெர்மின், எடுத்துத் தந்தார். அந்த வைத்தியர் விரல்களை மடக்கி விரிக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், ஒரு வசனம் எழுதச் சொன்னார், சின்னச் சின்னக் குச்சிகளை மணக்கக் கொடுத்தார். கராம்பு எது, தோடம்பழம் எது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. மூளைப் படமும் எடுத்துப் பார்த்து, பார்க்கின்சன் என்று சொன்னார்கள், ஆரம்பம்தானாம், மணம் தெரியாமல் போவது பலருக்கு முதலில் வருவதாம். சாகிற வருத்தமில்லை, முற்றாய்ச் சுகமாகிற நோயும் இல்லை, குளிசையோடும் பயிற்சியோடும் கன காலம் நல்லாய் இருக்கலாம் என்றார். குளிசை எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்கும் வரை கார் ஓட்ட வேண்டாம் என்றார். அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், சின்னச் சாமான் பிடிக்கிற வேலை இனிச் செய்யலாமோ என்று. சில நேரம் முடியும், சில நேரம் முடியாது என்று வைத்தியர் மறைக்காமல் சொன்னார். ட்ராமில்தான் வீட்டுக்கு வந்தோம். அவருடைய வலக்கையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு வந்தேன்.

மூன்று நாள் கெல்லர்ப் பக்கமே போகவில்லை, காரை யாருக்காவது கொடுத்துவிடுவோம் என்றார். எனக்குக் காரில் ஆசையில்லை, அன்று பார்த்ததற்குப் பிறகு பயம்தான். ஆனால் அவர் ஜன்னலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுச் சும்மா இருந்த இருப்பு அதைவிடப் பயமாக இருந்தது. நாலாம் நாள் என் பழைய வேலைச் சாமான் பெட்டியை, இடுக்கியும் பூதக்கண்ணாடியும் வைத்த பெட்டியை எடுத்துக்கொண்டு, இஞ்சேருங்கோ, நான் பூட்டுறன், நீங்கள் சொல்லுங்கோ என்றேன். முதல் நாள் சண்டைதான். அவர் சொல்வது எனக்கு விளங்காது, நான் செய்வது அவருக்குப் பொறுக்காது, கையை நீட்டுவார், நீட்டிய கை நடுங்கும், திரும்ப இழுத்துக்கொள்வார். இரண்டாம் நாள் பழகிவிட்டது. ஜெட் என்கிற பித்தளைத் துவாரக் குழாய்களை மருந்துத் தண்ணீரில் ஊறவைத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தோம், மிதித்தவுடன் பெற்றோலைத் தள்ளிக் கொடுக்கிற றப்பர்த் தகடு காய்ந்து வெடித்திருந்தது, அதனால்தான் மேட்டில் இருமியிருக்கிறது, அதைப் புதிதாகப் போட்டோம். செப்பு வளையமும் புதிதுதான் போட்டோம், ஊசியைப் பொருத்தி மிதவையின் உயரத்தை அளவுகோல் வைத்து மூன்று தரம் பார்த்தோம். கலவைத் திருகாணியை மெல்ல அடிமட்டம் வரை கொண்டுபோய் இறுக்காமல் ஒன்றரைச் சுற்றுத் திரும்ப எடு என்றார், எடுத்தேன். எஞ்சினை ஓட விட்டு இருபது நிமிடம் நான் சுற்றிச் சுற்றி மணந்தேன், ஒரு சொட்டுக் கசியவில்லை. அவர் கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்டு இன்னும் கால் சுற்று என்றார், அதோடு எஞ்சின் ஒரே சீராய் ஓடத் தொடங்கியது. அவருடைய காதுக்கு ஒன்றும் வரவில்லை மகள், அது எனக்குப் பெரிய ஆறுதல்.

நேற்று நான்தான் ஓட்டினேன். கியர் மாற்றுகிற கார் நான் ஓட்டி ஒன்பது வருடமாகிவிட்டது. ஃபிராவ் லேனரை ஏற்றி ஒரு சுற்றுப் போய்த் திரும்ப டெகர்லோக் மேட்டில் ஏறும்போது நடுவில் சிவப்பு விளக்கு விழுந்து, பின்னால் ட்ரக் ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றது. பச்சை வந்ததும் “பயப்பிடாதை, நல்லா மிதி” என்றார் அப்பா. மிதித்தேன். ஒரு இருமல் இல்லை, முதுகு சீட்டில் ஒட்ட இழுத்துக்கொண்டு ஏறியது. ஃபிராவ் லேனர் பின்சீட்டில் இருந்து, என் கணவர்கூட இவ்வளவு வேகமாய் ஓட்டியதில்லை என்று சொல்லிச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார், பங்குனிக்குப் பிறகு அப்படி இப்போதுதான் கண்டேன்.

எழுதினால் ஆறும் என்று நினைத்தேன், ஆறவில்லை. அவர் குளிக்கப் போனால் நான் கதவுக்கு வெளியே நிற்கிறேன், கோப்பை விழுந்தால் ஓடிப்போய்ப் பார்க்கிறேன், குளிசையைச் சாப்பாட்டுக்கு முன்னமா பின்னமா கொடுத்தேன் என்று நூறு தரம் யோசிக்கிறேன். நீ பேசும்போது சிலது கவனி. அவர் குரல் தாழ்ந்துவிட்டது, பெலத்துச் சொல்லுங்கோ என்று திரும்பத் திரும்பக் கேளாதே, போனின் சத்தத்தை நீ கூட்டிக்கொள். சொல் தேடி நின்றால் பொறு, நீ முடித்துவைக்காதே. மருமகனிடம் எல்லாவற்றையும் சொல், தனியே சுமக்காதே.

நான் எழுதுவது அவருக்குத் தெரியும். எழுது, ஆனா வரச் சொல்லி எழுதாதை, குஞ்சு மீராவைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் அலையவேண்டாம் என்று காலையில் இரண்டு தரம் சொன்னார். நானும் அப்படி எழுதத்தான் இருந்தேன். என்னால் ஏலாமல் கிடக்கிறது மகள். லீவு கிடைத்தால் வா.

மூவருக்கும் நீண்ட ஆயுளும் தேகசுகமும் தரச்சொல்லி ஆண்டவனை வேண்டுகிறேன். உன் இரும்புச்சத்துக் குளிசையை விட்டுவிடாதே, மீராவின் காதில் குளிர்காற்றுப் பட விடாதே.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா
ம. சுந்தரேஸ்வரி