கட்டாமல் பார்ப்பதற்கு ஒரு வகுப்பு

ஜூன் 11, புதன்

வார்டுக்குள் நுழைந்ததும் ரத்தம் கொதித்துவிட்டது. கடையநல்லூர் அஃப்ரினைக் கட்டிலோடு கட்டிப் போட்டிருக்கிறார்கள், புண்ணுக்குச் சுற்றும் காஸ் துணியால். பிள்ளை பெற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. தூக்கமே இல்லாமல், குழந்தையை யாரோ மாற்றிவிட்டதாகக் கத்தியிருக்கிறாள். மணிக்கட்டு இரண்டும் வீங்கி, விரலெல்லாம் நீலம்.

கட்டைத் தளர்த்திக்கொண்டே நர்ஸ் மஞ்சுவைக் கேட்டேன்.

"கடிக்க வர்றாக்கா. கட்டாம வேற என்ன செய்ய? எங்களுக்கு யாரு சொல்லித் தந்தா?"

அவள் கன்னத்திலும் நகக்கீறல். பயந்துபோய்த்தான் இருக்கிறாள். இருந்தாலும் எனக்கு ஆறவில்லை.

ஜூன் 14, சனி

ஆஸ்பத்திரி மேனேஜர் தாணுமாலயனோடு சண்டை. என் வார்டு நர்ஸ்களுக்கு, இப்படிப்பட்டவர்களைக் கட்டாமல் சமாளிக்க, இரண்டு நாள் பயிற்சி கேட்டேன். ஒரு நாள்தானாம். அதுவும் குற்றாலத்தில், லாட்ஜ் ஹாலில்! "சீசன் நேரம் சிஸ்டர். அப்பதான் நர்ஸ் பிள்ளைகள்லாம் ஆசையா வருவாவ."

இவருக்கு இது ஒரு டூர். என்ன மனுஷன்!

ஜூன் 22, ஞாயிறு

நினைத்தபடியே ஆயிற்று. விடிந்ததும் எல்லோரும் ஐந்தருவிக்குப் போய்விட்டு ஈரத்தலையோடு வந்து உட்கார்ந்தார்கள். அருவியில் குளித்த உடம்பு, அதற்கு மேல் மத்தியானம் பிரியாணி. யார் விழித்திருப்பார்கள்?

நான் தொண்டை கிழியக் கத்தினேன் - கூட்டத்தை வெளியே அனுப்பு, ஒருத்தி மட்டும் பேசு, தணிந்து பேசு, செய்யப்போவதைச் சொல்லிவிட்டுச் செய். மஞ்சு சுவரில் சாய்ந்து தூங்கினாள். தாணுமாலயன் பேனரோடு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஜூலை 1, செவ்வாய்

தாணுமாலயனிடம் இன்னொரு வகுப்பு கேட்டேன். "போட்டோ எடுத்தாச்சுல்லா சிஸ்டர், பொறவு என்ன?" தூ.

ஜூலை 9, புதன்

போன மாதம் வீட்டுக்கு அனுப்பிய அஃப்ரினைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். வீட்டில் மாத்திரையை நிறுத்திவிட்டார்களாம். கட்டிலைப் பார்த்ததுமே அலறி, சலைன் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டாள். மாமியார் ஜாஹிரா பீவியும் சொந்தக்கார ஆண்களும் சுற்றி நின்று ஆளாளுக்குக் கத்துகிறார்கள். "மாத்திரய நிறுத்தச் சொன்னது யாரு? அறிவில்ல?" என்று நானும் கத்திக்கொண்டே ஓடினேன். ஸ்டாண்ட் என் பக்கம் திரும்பியது.

"அக்கா, சத்தம் போடாதிய. இவங்களக் கூட்டிட்டு நீங்களும் வெளிய போங்க."

மஞ்சு! வகுப்பில் தூங்கியவள், நான் சொல்லிக்கொடுத்ததை என்னைப் பார்த்தே! கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. போனேன்.

கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மஞ்சு எட்டத்தில், வெறுங்கையோடு நின்றாள். "அன்னைக்கு ஒன்னயக் கட்டுனது நாந்தான். இன்னைக்குக் கட்ட மாட்டேன். தூங்க ஊசி மட்டும் போடட்டா?" திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னாள். எவ்வளவு நேரமோ. அஃப்ரின் ஸ்டாண்டைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். பிறகு அவளே கையை நீட்டினாள்.

எனக்கு வந்தது கோபமா, வேறு ஏதாவதா, தெரியவில்லை. மஞ்சுவிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வாய் வரவில்லை.

ஜூலை 12, சனி

மத்தியான ஷிப்ட் நர்ஸ் பிள்ளைகளுக்கு வார்டிலேயே வகுப்பு. தாணுமாலயனிடம் கேட்கவில்லை. மஞ்சுவை எடுக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். இரண்டு இடத்தில் தப்பாகச் சொன்னாள். வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன்.