ஏர் ஃபில்டரில் ஒட்டியிருந்த கவர்

டீச்சரம்மாவுக்கு,

மதியச் சாப்பாடு ஃபிரிட்ஜில் இருக்கிறது. நீ திருப்பிக் கொடுத்த கார் சாவியை உன் கைப்பையில் போட்டிருக்கிறேன். இன்று நான் பஸ்ஸில் போகிறேன்.

நம் பழைய டீசல் வண்டி லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டரிலிருந்து பதிமூன்றுக்கு இறங்கியபோது, நீ ஆக்சிலேட்டரைப் போட்டு மிதிப்பதுதான் காரணம் என்றேன். மூன்று மாதமாக நீ ஓட்டவே இல்லை. மைலேஜ் ஏறவும் இல்லை. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

நேற்று மெக்கானிக் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தார். "யாரு சார் இதைப் பாதி பிளாஸ்டிக் கவரோட மாட்டுனது? வண்டி எப்படி மூச்சு விடும்?"

மாட்டியது நான்தான். "வீட்டுல யாரோ" என்று மழுப்பினேன். அவர் உன்னைத்தான் நினைத்திருப்பார். போகிற வழியில் இறங்கி, அது நான்தான் என்று சொல்லிவிடுகிறேன்.

பி.கு.: சாயங்காலம் உன் தம்பி வருகிறான். "உங்கக்கா கால வச்சாலே டேங்க் காலி" என்று அவன் முன்னால் சிரித்தேனே, அவனிடமும் நானே சொல்கிறேன். நீ முந்திக்கொண்டாலும் சரி.

இன்னொன்று: டிரைவர் சீட்டை உன் காலுக்கு எட்டும்படி முன்னால் தள்ளி வைத்திருக்கிறேன். இனி அது அங்கேயே இருக்கட்டும். நான் முழங்காலை மடக்கிக்கொள்கிறேன்.