முனியறைக்கு மண் சுமந்தோம்

2 பிப்ரவரி 1977, புதன்

இன்று சர்க்கரை ஆலையில் இரண்டாவது கொப்பரை வெல்லப்பாகு முறுகிவிட்டது. தப்பு என்னுடையதுதான், கவனம் அடுப்பில் இல்லை. மறையூர் முழுக்க ஒரே பேச்சு. லண்டனிலிருந்து டெலிவிஷன்காரர்கள் வந்திருக்கிறார்கள். டெலிவிஷன் என்றால் வீட்டுக்குள் வைத்துப் பார்க்கிற சினிமா என்று சாந்தம்மாள் மதினி சொல்கிறாள். மெட்ராசில் இருக்கிறதாம். அவளும் பார்த்ததில்லை.

மனுஷன் எங்கிருந்து வந்தான், எதை எதை எப்படிச் செய்யக் கற்றுக்கொண்டான் என்று தேசம் தேசமாகப் போய்ப் படம் பிடிக்கிறார்களாம். இங்கே வந்தது முனியறைக்காக. பாறை மேல் சுற்றிலும் பலகைக்கல், தலையில் ஒரு மூடுகல். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், மழைக்கு ஆடுதான் அதற்குள் ஒதுங்கும். முனிவர்கள் தவம் செய்த அறை என்பார்கள். அதை மலையேறி வந்தா பார்க்கவேண்டும்? மலை எங்கே, கடலே தாண்டி வந்திருக்கிறார்கள்.

4 பிப்ரவரி, வெள்ளி

அவர்களோடு சுவக்கீன் சார் என்று ஒருவர். மூணாறில் எஸ்டேட் ஆபீஸ் கிளார்க். வெள்ளைக்காரர் சொல்வதைத் தமிழில் மாற்றிச் சொல்கிறார். வெள்ளைக்காரர்களில் பெரியவர் பெயர் ஹாலிஸ். நரைத்த தாடி, அரை டவுசர், எதைப் பார்த்தாலும் நோட்டில் எழுதிக்கொள்கிறார்.

பழைய முனியறையில் கை வைக்கக்கூடாது என்று சர்க்கார் சொல்லிவிட்டதால், பக்கத்து மொட்டைப் பாறையில் புதிதாக ஒன்று கட்டப் போகிறார்கள். கிரேன் கிடையாது, லாரி கிடையாது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இருந்த ஆட்கள் அதை எப்படிக் கட்டியிருப்பார்கள் என்று செய்து பார்த்துப் படம் பிடிப்பார்களாம்.

ஆண்கள் இருபத்தைந்து பேர். மேஸ்திரி எங்கள் வீட்டுக்காரர். காட்டில் மரம் வெட்டும் கூப்பில் தடி ஏற்றி இறக்கிப் பழகியவர், சுருளிவேல் என்றால் சின்னாறு வரைக்கும் தெரியும். பெண்களுக்கும் வேலை உண்டு. தீ மூட்டி, பக்கத்தில் உட்கார்ந்து அம்மி அரைக்கவேண்டும். என்ன அரைப்பது என்று கேட்டேன். எதுவும் வேண்டாம், சும்மா அரைத்தால் போதும் என்றார் சுவக்கீன் சார்.

நாள் முழுக்க வெறும் அம்மியா?

7 பிப்ரவரி, திங்கள்

சிரித்துச் சிரித்து விலா நோகிறது. ஆண்களின் சட்டை வேட்டியெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு இடுப்பில் சாக்குத்துணி கட்டிவிட்டார்கள். உடம்பெல்லாம் சாம்பல். என் வீட்டுக்காரர் நான் பார்த்துவிடக் கூடாதென்று கேமராப் பெட்டிக்குப் பின்னாலேயே நின்றார். வீட்டுக்கு வந்து தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே, அந்தக் காலத்தில் நெசவு இருந்ததா இல்லையா, நீ கேட்டுச் சொல்லு என்றார். இவர் கேட்கமாட்டாராம், மேஸ்திரியாம்.

8 பிப்ரவரி, செவ்வாய்

கேட்டேன். ஹாலிஸ் ஐயா தாடியைச் சொறிந்தார். நெசவு இருந்ததாம். ஆண்களுக்கு வேட்டி திரும்பக் கிடைத்தது.

9 பிப்ரவரி, புதன்

விளக்கை ஏற்றி வைத்து எழுதுகிறேன். எழுதினாலாவது மனசு அடங்கும்.

பாறையில் குழி தோண்ட முடியாது. அதனால் மூன்று பலகைக்கல்லை ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். மூடுகல் ஆறடிக்கு ஐந்தடி, ஒரு டன்னுக்கு மேல். சாய்வாக மரங்களைப் போட்டு, வடத்தைக் கட்டி இழுத்தார்கள். பாதி தூரம் ஏறிவிட்டது. விளிம்பில் முட்டியதும் பக்கத்துக் கல் உள்ளே சாய்ந்தது, மூடுகல் வழுக்கிக்கொண்டு வந்தது. வீட்டுக்காரர் நெம்புகோலோடு முன்னால் நிற்கிறார். நான் அம்மிய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், கண்ணுக்கு நேரா கல்லு சரியுது. ஒரு கை அகலம். ஒரே ஒரு கை அகலம் தள்ளி விழுந்தது. கணுக்காலில் தோல் உரிந்ததோடு போயிற்று.

சாமி, உனக்குக் கோடி கும்பிடு.

10 பிப்ரவரி, வியாழன்

அவர் சாப்பிடவில்லை. இருபது வருஷத்தில் என் கையில் ஒரு மரம் தவறியதில்லை என்று மட்டும் சொன்னார். இன்னொரு ஆளுக்கு ஆபத்து வரக்கூடாது, சனிக்கிழமை கிளம்பிவிடலாம் என்று ஹாலிஸ் ஐயா சொல்லிவிட்டாராம்.

11 பிப்ரவரி, வெள்ளி

விடிந்ததும் சர்க்கரை ஆலைக்குப் போனேன். அடுப்பு வாய் இடிந்திருந்தது, கட்டவேண்டும். இந்த ஊரில் ஆலை அடுப்பு கட்டுவது நாங்கள் பெண்கள்தான். வளைவு கட்டும்போது உள்ளே மணலையும் கரும்புச் சக்கையையும் உச்சி வரை திணித்துவிடுவோம். அது தாங்கிக்கொள்ளும். மேலே மண் பூசிக் காய்ந்த பிறகு உள்ளே இருப்பதை வாரி எடுத்துவிடுவோம். வளைவு நிற்கும்.

திணித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். அறைக்குள்ளே மண்ணை அடைத்துவிட்டால் கல் எப்படி உள்ளே சாயும்? வெளியேயும் மண்ணைக் கொட்டி மேடு போட்டால் மூடுகல்லைத் தூக்கவே வேண்டாமே, உருளைக்கட்டை மேல் நடத்திக்கொண்டு போகலாமே. திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“இத எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? அந்த ஆளுகிட்டச் சொல்லு. நானும் வாரேன்” என்றார். நொண்டிக்கொண்டே வந்தார்.

நான்கு ஓட்டுச்சில்லும் ஒரு கூடை ஈரமண்ணும் வைத்துத் தரையில் செய்து காட்டினேன். ஹாலிஸ் ஐயா குப்புறப் படுத்துவிட்டார், அவ்வளவு கிட்டத்தில் பார்க்க. கடைசியில் மண்ணை நோண்டி எடுத்தேன், குட்டி முனியறை நின்றது. பிறகு ஒரு கேள்வி கேட்டார், சுவக்கீன் சார் தமிழில் சொன்னார்: இவ்வளவு மண்ணை அந்தக் காலத்தில் யார் சுமந்திருப்பார்கள்?

“நாங்கதான் சுமந்திருப்போம், வேற யாரு? ஆம்பளைக கல்லு இழுக்கையில பொம்பளைக வெறும் அம்மிய அரைச்சுக்கிட்டா இருந்திருப்பாக?”

சுவக்கீன் சாருக்கு இங்கிலீஷில் சொல்வதற்கு முன்னாலேயே சிரிப்பு வந்துவிட்டது. ஹாலிஸ் ஐயா சிரிக்கவில்லை. நோட்டைத் திறந்து முன்பு எழுதியிருந்த ஒரு பக்கத்தைக் குறுக்கே அடித்தார்.

14 பிப்ரவரி, திங்கள்

முப்பது பெண்கள். வாய்க்கால் கரையிலிருந்து பாறை வரை வரிசை. கூடை கை மாறி மாறிப் போகிறது. சாந்தம்மாள் மதினி கேமராவைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்று சொல்லச் சொல்லச் சிரிக்கிறாள். நேற்றும் இன்றுமாக மேடு என் தோள் உயரம் வந்துவிட்டது.

இடையில் சாயா குடிக்கும்போது ஹாலிஸ் ஐயா ஒன்று சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆப்பிரிக்காவில் ஒரு பெண்ணின் எலும்பைக் கண்டெடுத்தார்களாம். முப்பது லட்சம் வருஷத்துக்கும் மேலே பழசு. மூன்றரை அடிதான் உயரம், ஆனால் நம்மைப்போல இரண்டு காலில் நிமிர்ந்து நடந்தவளாம். ஏன் நிமிர்ந்தார்கள் என்று இன்னும் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாதாம்.

கையில் எதையாவது சுமந்திருப்பாள் என்றேன். அப்படி நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள் என்றார்.

முப்பது லட்சம். எனக்குக் கணக்கு ஓடவில்லை. ஆனால் மத்தியானத்துக்கு மேல் கூடை கனக்கவே இல்லை.

16 பிப்ரவரி, புதன்

ஏறிவிட்டது.

எழுதவேண்டும், வரிசையாக எழுதவேண்டும். வடம் கட்டியாயிற்று, உருளைக்கட்டை போட்டாயிற்று. ஒன்று இரண்டு சொல்ல வீட்டுக்காரர்தான் வாயெடுத்தார். அப்புறம் திரும்பிப் பார்த்தார். நான் மேட்டின் உச்சியில் மண்ணை மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தேன்.

“புள்ள, நீ சொல்லு. அங்கிட்டு நிக்கிற உனக்குத்தான் ரெண்டு பக்கமும் தெரியும்.”

என் குரலா அது? முதல் தரம் கீச்சென்று வந்தது, ஆண்கள் சிரித்தார்கள். இரண்டாம் தரம் யாரும் சிரிக்கவில்லை. நான் நிறுத்து என்றால் இருபத்தைந்து பேரும் நின்றார்கள். வலப்பக்கம் கொஞ்சம் என்றால் வலப்பக்கம் கொஞ்சம். கட்டை நெரிகிற சத்தம், வடம் முறுகுகிற சத்தம். மூடுகல் யானை போல ஆடி ஆடி வந்து உட்கார்ந்தது. பக்கத்துக் கல் ஒரு நூல் அசையவில்லை.

பிறகு எல்லோருமாக மண்ணை வாரினோம். சாயங்காலத்துக்குள் உள்ளே வெறுமையாகிவிட்டது. ஹாலிஸ் ஐயா தவழ்ந்து உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார், வரமாட்டேன் என்கிறார். பெண்களில் நாங்கள் ஐந்து பேர் புகுந்தோம். இடமில்லாமல் மடியில் மடி. உள்ளே சிரித்தால் கல்லெல்லாம் சேர்ந்து சிரிக்கிற மாதிரி கேட்கிறது.

19 பிப்ரவரி, சனி

போய்விட்டார்கள். கரும்பு வெட்டு. முதுகு ஒடிகிறது.

26 நவம்பர், சனி

ஹாலிஸ் ஐயா படச்சுருளை அனுப்பியிருக்கிறார். அங்கே டெலிவிஷனில் காட்டியாகிவிட்டதாம். சுவக்கீன் சார் மூணாறு கிளப்பிலிருந்து புரொஜக்டர் கொண்டுவந்தார். பள்ளிக்கூடத்து ஜன்னலுக்கெல்லாம் கம்பளி கட்டி, மத்தியானம் இரண்டு மணிக்கே இருட்டாக்கிப் பார்த்தோம்.

முதலில் ஆப்பிரிக்கா. காய்ந்த மண்ணில் ஒரு துண்டு எலும்பு. பிறகு பனி, கடல், என்னென்னவோ தேசம். பிறகு சட்டென்று நம்ம வாய்க்கால், நம்ம கூடை வரிசை. ஒவ்வொருத்தர் முகம் வரும்போதும் ஒரு கூச்சல். இங்கிலீஷ் புரியவில்லை, ஆனால் நடுவில் இங்கிலீஷை நிறுத்திவிட்டு என் குரலை மட்டும் கேட்கவிட்டிருக்கிறார்கள். ஒன்று, இரண்டு, இழு. லண்டனில் அதை வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள்.

என் முகத்துக்கு அடியில் பெயர் எழுதியிருந்தது. சுவக்கீன் சார் உரக்கப் படித்தார்: பூமாரி, அடுப்பு கட்டுபவர். அடுத்து நெம்புகோலோடு இவர் வந்தார். சுருளிவேல், பூமாரியின் கணவர்.

பள்ளிக்கூடத்து ஓடு பறந்துவிடும்போலச் சிரித்தார்கள். இவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். இன்னொரு தரம் போடச் சொல்லிக் கேட்டவரும் இவர்தான்.

12 டிசம்பர், திங்கள்

காலையில் பஞ்சாயத்து ஓவர்சியர் வந்தார். கோவில்கடவு ஓடைமேல் பலகைக்கல் போட்டு நடைபாலம் கட்டவேண்டுமாம். அந்தச் சரிவில் லாரி இறங்காது. வாசலில் நின்று எங்கள் வீட்டுக்காரரிடம் விவரம் முழுக்கச் சொன்னார். இவர் பொறுமையாகக் கேட்டார்.

“இத அவகிட்டப் பேசுங்க சார். அவ சரின்னா நான் வாரேன்” என்று சொல்லிவிட்டு, சாயா போட உள்ளே போனார்.

ஓவர்சியர் என்னைப் பார்த்தார், உள்ளே பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். நான் கல்லின் கனம் கேட்டேன். மண் எங்கிருந்து எடுக்கலாம், ஓடையில் இப்போது எவ்வளவு தண்ணீர் என்று கேட்டேன். நாளைக்கு வந்து இடத்தைப் பார்க்கிறேன், ஆனால் பதினெட்டுப் பெண்கள் இல்லாமல் ஆகாது என்றேன்.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார்.